சன் யாட்சென் ஏன் ரஷ்யாகிட்ட போனாரு? குவாங்சோவோட பத்து வருஷக் கதை

கேட்ட கேள்வி இதுதான்: "சன் யாட்சென் சீனாவோட தேசத்தந்தைன்னு சொல்றாங்க, அப்புறம் ஏன் அவரு 1917ல இருந்து சாகுற வரைக்கும் தெற்குல குவாங்சோங்குற ஒரே ஊரைப் புடிச்சுக்கிட்டு ஜெனரல்களோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தாரு? வெளிநாட்டுக்காரங்கதான் பின்னாடி இருந்து எல்லாத்தையும் ஆட்டி வெச்சாங்களா? கடைசியில ரஷ்யாகிட்ட போனதால அவரு கம்யூனிஸ்ட் ஆயிட்டாரா?"

மூணும் தனித்தனி கேள்வி மாதிரி தெரியுது, ஆனா மூணுக்கும் பதில் ஒரே எடத்துலதான் இருக்கு. சிப்பாய்க்கு சம்பளம் யார் குடுத்தாங்க, அந்தப் பணம் எங்க இருந்து வந்துச்சு, அந்தக் கல்லாவோட சாவி யார் கையில இருந்துச்சு. இதை மட்டும் விடாம புடிச்சுக்கிட்டே போனா அந்தக் காலத்து தெற்கு சீனா முழுக்க புரிஞ்சுரும், இல்லன்னா வெறும் ஜெனரல் பேரா படிச்சு தலை சுத்தும். எனக்கும் முதல்ல படிக்கும்போது அப்படித்தான் சுத்துச்சு.

1912ல இருந்து ஆரம்பிக்கணும். ஜனவரி 1ந்தேதி சன் நான்ஜிங்ல தற்காலிக ஜனாதிபதியா பதவி ஏத்துக்கிறாரு, ரெண்டு மாசம் கழிச்சு அதைத் தூக்கி வடக்கு ராணுவத்தைக் கையில வெச்சிருந்த யுவான் ஷிகாய்கிட்ட குடுத்துடுறாரு. பெருந்தன்மையால விட்டுக்குடுத்தாருன்னு சில பேரு எழுதுறாங்க, நான் அப்படிப் பார்க்கல. நான்ஜிங் கஜானா காலி, ராணுவம் யுவான்கிட்ட, கடன் குடுக்குற வெளிநாட்டு பேங்குகளும் யுவானைத்தான் நம்புனாங்க, அப்போ வேற என்ன பண்ண முடியும். 1913 ஏப்ரல்ல பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, ரஷ்யா, ஜப்பான் அஞ்சு நாட்டு பேங்குகளும் சேர்ந்து யுவானுக்கு 2.5 கோடி பவுன் கடன் குடுத்தாங்க, பார்லிமென்ட்கிட்ட கேக்கவே இல்ல. அதுக்கு ஈடா வெச்சது நாட்டோட உப்பு வரி. அந்த வரி நிர்வாகத்தைப் பாத்துக்க வந்தவரு ரிச்சர்ட் டேன்ங்குற பிரிட்டிஷ் அதிகாரி, இந்தியாவுல உப்பு வரி இலாகாவுல மேல்நிலைப் பதவியில இருந்துட்டு போனவரு. நம்ம ஊருல உப்பு மேல வரி போட்டு வசூல் பண்ணின அனுபவத்தை அப்படியே அங்க கொண்டு போனாங்க, அதான் விஷயம். அந்தக் காசை வெச்சு யுவான் அந்த வருஷம் கோடையில தெற்குல எழும்புன கிளர்ச்சியை ரெண்டே மாசத்துல நசுக்கிட்டாரு, சன் ஜப்பானுக்கு ஓட வேண்டியதாப் போச்சு.

இதுல இருந்து சுங்க வரி விஷயத்தையும் சொல்லிடுறேன், ஏன்னா பின்னாடி பெரிய சண்டையே இதுல இருந்துதான் வருது. சீனாவோட சுங்க இலாகாவுக்குத் தலைவரு ஒரு வெள்ளைக்காரரு, ஒப்பந்தப்படி வரி வெறும் 5 சதவீதம்தான், ஏத்தவும் முடியாது. மன்னராட்சியைக் கவுத்த 1911 புரட்சிக்கு அப்புறம் வசூலாகுற பணமே நேரா வெளிநாட்டு பேங்குகளுக்குப் போயிடும், அங்க பழைய கடனையும், 1900ல வெளிநாட்டுக்காரங்களை எதிர்த்து நடந்த பாக்ஸர் கலவரத்துக்குப் போட்ட அபராதத்தையும் கழிச்சுட்டு மிச்சம் இருந்தா அதை "அங்கீகரிக்கப்பட்ட" அரசாங்கத்துக்குக் குடுப்பாங்க. அங்கீகரிக்கப்பட்ட அரசாங்கம்னா பீஜிங். யார் பீஜிங்கைப் புடிக்கிறாங்களோ அவங்களுக்கு அந்த மிச்சக் காசு, அதை அடமானம் காட்டி புதுக் கடன். அதனாலதான் வடக்குல அந்த ஒரு ஊருக்காக அவ்வளவு போர் நடந்துச்சு.

1915 கடைசியில யுவான் தன்னையே சக்கரவர்த்தின்னு அறிவிச்சுக்கிட்டாரு. அதை எதிர்த்து முதல்ல எழுந்தது தென்மேற்கு மூலையில இருக்குற யுனான் மாகாணம், காய் அ, டாங் ஜியாவ் இவங்க தலைமையில. அடுத்து மார்ச்ல குவாங்சியோட லு ரோங்டிங். ஜூன் 6, 1916 யுவான் செத்துட்டாரு. சக்கரவர்த்தி கதை முடிஞ்சுது, ஆனா அதை முடிக்கப் பொறப்பட்ட படைங்க திரும்ப வீட்டுக்குப் போகல, தெற்குக்கு வந்த கேடு அங்கதான் ஆரம்பம். யுனான் ஏழை மாகாணம், மலைப்பாங்கான இடம், அவ்வளவு பெரிய படைக்கு அங்க சோறு போட முடியாது. குவாங்சியும் அதே கதைதான். பக்கத்துல குவாங்சோவைத் தலைநகரா வெச்ச குவாங்டாங் மாகாணம் இருக்கு, துறைமுகம், பட்டு வியாபாரம், வெளிநாடு போனவங்க அனுப்புற பணம், எல்லாம் கொழிக்கிற பூமி. அதனால யுனான்காரங்களும் குவாங்சிக்காரங்களும் குவாங்டாங்ல வந்து உக்காந்துட்டாங்க. உள்ளூர் ஜனங்க இவங்களுக்கு வெச்ச பேரு "விருந்தாளிப் படை". யுனான் சிப்பாயை "ரெட்டைத் துப்பாக்கிக்காரன்"னு சொல்வாங்களாம், ஒண்ணு தோள்ல தொங்குற துப்பாக்கி, இன்னொண்ணு அபின் குடிக்கிற குழாய்.

லு ரோங்டிங் ஏழையா பொறந்து கொள்ளைக் கூட்டத்துல வளந்து, அப்புறம் அரசாங்கப் படையில சேர்ந்து மேல வந்த ஆளு. 1917ல அவரு கையில ரெண்டு மாகாணமும் இருந்துச்சு. அந்த நேரத்துலதான் சன், கடற்படையில ஒரு பகுதியைக் கூட்டிக்கிட்டு, கலைக்கப்பட்ட பார்லிமென்ட்டோட உறுப்பினர்கள் கொஞ்சம் பேரையும் சேர்த்துக்கிட்டு, அரசியல் சட்டத்தைக் காப்பாத்தப் போறேன்னு குவாங்சோவுக்கு வர்றாரு. செப்டம்பர்ல அவருக்குப் பட்டம் "மகா தளபதி". ஆனா தளபதிக்குன்னு சொந்தமா ஒரு பட்டாளம் கூட இல்ல. குவாங்சி ஆளுங்க அவரோட ஆள் பிடிக்கிற அதிகாரிகளைப் புடிச்சு சுட்டே கொன்னாங்க, ஆத்திரத்துல 1918 ஜனவரியில சன் தானே கப்பல்ல ஏறி ராணுவ கவர்னரோட ஆபீஸ் மேல பீரங்கி சுட வெச்சாரு, ஆனாலும் ஒண்ணும் நடக்கல. பிப்ரவரியில அவருக்குத் துணையா இருந்த கடற்படைத் தலைவர் செங் பிகுவாங் சுட்டுக் கொல்லப்பட்டாரு. மே மாசம் தலைமையை ஏழு பேர் குழுவா மாத்தி சன்னை ஓரங்கட்டினாங்க, அவரு ராஜினாமா பண்ணிட்டு ஷாங்காய் போயிட்டாரு. முதல் தடவை விரட்டப்பட்டது இது.

இதே நேரத்துல வடக்குல ஜப்பான் என்ன பண்ணுச்சுன்னும் பார்க்கணும். 1917-18ல நிஷிஹாரா கடன்னு சொல்லி பீஜிங்ல ஆட்சியை நடத்தின ஜெனரல் துவான் சிருய்க்கு 14.5 கோடி யென் வரைக்கும் குடுத்தாங்க, துவான் அதை வெச்சு தெற்கை அடக்கப் படை கட்டினாரு. அப்போ "வெளிநாட்டுக்காரங்க ஆட்டி வெச்சாங்களா"ன்னு கேட்டா, காசு குடுத்தாங்க, ஆனா வாங்கினவங்க எல்லாரும் சொன்னபடி ஆடல. ஒவ்வொரு ஜெனரலும் தன் கணக்குக்குத்தான் வெளிநாட்டுக்காரனைப் பயன்படுத்தினான். வெளிநாட்டுக்காரங்களுக்குள்ளயும் ஒத்துமை கிடையாது. ஒரே நாட்டுக்குள்ளயே லண்டன் ஒண்ணு சொல்லும், ஹாங்காங் கவர்னர் ஒண்ணு சொல்வாரு, குவாங்சோ கான்சல் இன்னொண்ணு பண்ணுவாரு.

1919 மே மாசம் பெரிய நாடுகள் எல்லாம் சேர்ந்து சீனாவுக்கு ஆயுதம் விக்கிறதில்லன்னு ஒப்பந்தம் போட்டாங்க. நோக்கம் நல்லதுதான், உள்நாட்டுப் போர் நிக்கட்டும்னு. ஆனா போர் நிக்கல, துப்பாக்கி விலைதான் ஏறுச்சு. சொந்தமா ஆயுதத் தொழிற்சாலை வெச்சிருந்தவனுக்கும், கள்ளக் கடத்தல் வழி தெரிஞ்சவனுக்கும் கொண்டாட்டம். அந்த ஒப்பந்தத்துல சோவியத் ரஷ்யா சேரல, இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

இப்போ சென் ஜியோங்மிங். இவரைப் பத்தி எழுதுறப்போ எனக்கு மனசு கனமாத்தான் இருக்கும், ஏன்னா பாடப்புத்தகம் எல்லாம் "துரோகி"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடும். குவாங்டாங்ல ஹைஃபெங்ல பொறந்தவரு, பழைய புரட்சிக்காரரு. 1918ல சன்னுக்குக் கெடச்ச ஒரே சொந்தப் படை இவரோட இருபது பட்டாளம்தான், அதைக் கூட்டிக்கிட்டு ஃபூஜியன் எல்லையைத் தாண்டி ஜாங்ஜோவுல போய் உக்காந்தாரு. அங்க ரோடு போட்டாரு, பள்ளிக்கூடம் தொறந்தாரு, பத்திரிகை நடத்தினாரு, ரஷ்யாக்காரங்க முதல்ல தேடி வந்து பேசினது கூட இவர்கிட்டத்தான். 1920 ஆகஸ்ட்ல படையெடுத்து அக்டோபர் கடைசியில குவாங்சி ஆளுங்களை குவாங்சோவுல இருந்து விரட்டினாரு. "குவாங்டாங் குவாங்டாங்காரங்களுக்கே" அப்படிங்குறதுதான் கோஷம், ஜனங்க உயிரைக் குடுத்து ஆதரிச்சாங்க. வந்த உடனே சூதாட்டத்துக்குத் தடை போட்டாரு, அது எவ்வளவு பெரிய வருமானத்தை விட்டுக்குடுக்குற விஷயம்னு யோசிச்சுப் பாருங்க, அங்க ஒவ்வொரு ஆட்சியும் அந்தக் காசுலதான் வண்டி ஓட்டிச்சு. பின்னாடி கம்யூனிஸ்ட் கட்சியோட முதல் தலைவரா ஆன சென் துஷியுவைக் கூப்பிட்டு கல்வித்துறையைக் குடுத்தாரு. சன்னையும் அவர்தான் திரும்பக் கூப்பிட்டாரு.

பிரச்சனை எங்க வந்துச்சுன்னா, சென்னோட கனவு கூட்டாட்சி. ஒவ்வொரு மாகாணமும் தனக்குன்னு அரசியல் சட்டம் போட்டு, தன்னைத்தானே நல்லா ஆண்டுக்கிட்டு, அப்புறம் ஒண்ணா சேரட்டும்னு. சன்னுக்கு அது கொஞ்சமும் ஒத்துவரல, உடனே வடக்கு மேல படையெடுத்து நாட்டை ஒண்ணாக்கணும்னு நின்னாரு. 1921 மே 5 குவாங்சோவுல ஜனாதிபதியா பதவியும் ஏத்துக்கிட்டாரு, எந்த நாடும் அங்கீகரிக்கல. படையெடுப்புக்குக் காசு யாரு தரணும்? குவாங்டாங்தான். இப்போதான் விருந்தாளிப் படைங்களை விரட்டி மூச்சு விட்ட மாகாணம், மறுபடியும் வரி கட்டு, ஆள் குடுன்னா சென் எப்படி ஒத்துக்குவாரு? 1922 ஏப்ரல்ல சன் அவரை கவர்னர் பதவியில இருந்து நீக்குறாரு. ஜூன் 16 விடியக்காலம் சென்னோட தளபதி யே ஜு ஆளுங்க ஜனாதிபதி மாளிகையைச் சுத்தி வளைச்சு சுட ஆரம்பிச்சாங்க. சன் மாறுவேஷத்துல தப்பிச்சு கப்பல் ஏறினாரு, அவரு மனைவி சோங் சிங்லிங் பின்னாடி தங்கி, குண்டு மழைக்கு நடுவுல ஓடி, கர்ப்பம் கலைஞ்சு போச்சு. யோங்ஃபெங்குற அந்தப் போர்க்கப்பல், ஜப்பான்ல நாகசாகியில கட்டினது, அதுல ஐம்பது நாளுக்கு மேல சன் ஆத்து மேலயே இருந்தாரு. ஷாங்காய்ல இருந்து ஓடி வந்து கூட நின்ன ஒரு இளம் அதிகாரி பேரு சியாங் கை ஷேக். ஆகஸ்ட் 9 ஒரு பிரிட்டிஷ் கப்பல்லதான் சன் ஹாங்காங் போய்ச் சேர்ந்தாரு. ரெண்டாவது தடவை விரட்டப்பட்டது.

ஹாங்காங் கவர்னர் அப்போ ரெஜினால்ட் ஸ்டப்ஸ். இலங்கை வாசகர்களுக்கு இந்தப் பேரு தெரிஞ்சிருக்கும், இங்க வர்றதுக்கு முன்னாடி இலங்கையில காலனிச் செயலாளரா இருந்தவரு, 1933க்கு மேல அங்கேயே கவர்னரா போய் 1937ல பிரேஸ்கேர்டில்ங்குற வெள்ளைக்கார இடதுசாரியை நாடு கடத்த உத்தரவு போட்டு மாட்டினவரும் இவரேதான். 1922 ஆரம்பத்துல ஹாங்காங் கப்பல் தொழிலாளர் வேலைநிறுத்தம் அவரை ரொம்ப ஆட்டி வெச்சிருந்துச்சு, சன்னோட கட்சி ஆதரவு அதுக்குப் பின்னாடி இருக்குன்னு அவரு நம்புனாரு, அதனால அவரோட மனசு சென் பக்கம்தான் இருந்துச்சு.

ஷாங்காய்ல சன் உக்காந்து என்ன யோசிச்சிருப்பாருன்னு கொஞ்சம் நெனைச்சுப் பாருங்க. ஜப்பான்கிட்ட கேட்டாச்சு, அமெரிக்காகிட்ட கேட்டாச்சு, பிரிட்டன்கிட்ட கேட்டாச்சு, எல்லாரும் கைய விரிச்சுட்டாங்க. உள்நாட்டுல மஞ்சூரியாவோட ஜாங் ஸோலின்கூடவும், தன்னை அடக்கப் படை கட்டின அதே துவான் சிருய்கூடவும் கூட்டணி பேசினாரு, அவ்வளவு தவிப்பு. 1923 ஜனவரி 26 ரஷ்யத் தூதர் அடால்ஃப் யோஃபேகூட சேர்ந்து அறிக்கை விட்டாரு. அதுல முதல் விஷயமே என்னன்னா, கம்யூனிசமோ சோவியத் முறையோ சீனாவுக்கு ஒத்துவராது, அதுக்கான சூழ்நிலை இங்க இல்லங்குறது சன்னோட கருத்து, யோஃபேயும் அதை ஏத்துக்கிட்டாரு. அதனால மூணாவது கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிடுறேன், அவரு கம்யூனிஸ்ட் ஆகல. ஆயுதம், பணம், கட்சி கட்டுற வித்தை இது மூணும் வேணும், குடுக்க முன்வந்தது ஒரே ஒரு நாடு. அந்த வருஷம் ஒரு அமெரிக்கப் பத்திரிகைக்கும் இதையேதான் சொன்னாரு, மேற்கு நாடுங்க மேல நம்பிக்கை போச்சு, தெற்குக்கு உதவி பண்ற அறிகுறி காட்டுறது சோவியத் மட்டும்தான்னு.

ரஷ்யாவும் தர்மத்துக்கு வரல. அவங்க பீஜிங்கோடயும் பேசிக்கிட்டே இருந்தாங்க, 1924 மே 31ந்தேதி பீஜிங் அரசாங்கத்தையே முறைப்படி அங்கீகரிச்சு ஒப்பந்தம் போட்டாங்க, இங்க அதே மாசம் சன்னோட ராணுவப் பள்ளிக்குக் காசு குடுத்துக்கிட்டு இருந்தாங்க. ரெண்டு தோணியில ஒவ்வொரு கால்.

அதுக்கு முன்னாடி சன் மறுபடி குவாங்சோ திரும்பின கதை இருக்கு, அதுதான் இருக்குறதுலயே வேதனையான பகுதி. சென் ஜியோங்மிங்கை விரட்டணும், சொந்தப் படை போதாது. அதனால யாங் ஷிமினோட யுனான் படைக்கும், லியு ஷென்ஹுவானோட குவாங்சி படைக்கும் காசு குடுத்து வரவெச்சாரு. எந்த விருந்தாளிப் படைங்களை விரட்டினதுக்கு குவாங்டாங் ஜனங்க கொண்டாடினாங்களோ அதே மாதிரி ஆளுங்க மறுபடியும் ஊருக்குள்ள. 1923 ஜனவரியில சென் கிழக்கே ஹுய்சோவுக்குப் பின்வாங்கினாரு, பிப்ரவரியில சன் வந்தாரு. வர்ற வழியில ஹாங்காங் பல்கலைக்கழகத்துல பேசும்போது, தனக்குப் புரட்சி எண்ணம் வந்ததே படிக்கிற காலத்துல ஹாங்காங்கோட நிர்வாகத்தையும் தன் சொந்த ஊரு இருந்த நிலைமையையும் ஒப்பிட்டுப் பார்த்ததாலதான்னு சொன்னாரு. பிரிட்டன் மேல அவருக்கு அப்போகூட நப்பாசை விடல.

அந்த ரெண்டு வருஷம் குவாங்சோ ஜனங்க பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்ல. யுனான் ஆளுங்க ஆளுக்கு ஒரு தெருவைப் புடிச்சுக்கிட்டாங்க. சூதாட்ட விடுதி வரி ஒரு தளபதிக்கு, அபின் வரி இன்னொருத்தருக்கு, ரயில் பாதை வருமானம் வேற ஒருத்தருக்கு, ஆத்துல போற படகுக்கு ஒவ்வொரு வளைவுலயும் "பாதுகாப்புக் கட்டணம்". சன்னோட நிதித்துறைக்கு ஒரு பைசா வந்து சேரல. அரசாங்கம் கோயில் நிலத்தையும் பொது நிலத்தையும் வித்துச்சு, வீட்டுப் பத்திரத்தைக் காட்டுன்னு மெரட்டி வசூல் பண்ணுச்சு. சன் மேல எனக்கு மரியாதை உண்டு, ஆனா இந்த இடத்துல அவரோட ஆட்சி ஜனங்களுக்கு சுமையாத்தான் இருந்துச்சுன்னு ஒத்துக்கிட்டே ஆகணும். 1923 நவம்பர்ல சென் படை நகரத்து வாசலுக்கே வந்துருச்சு, கடைசி நேரத்துல எப்படியோ தடுத்தாங்க.

இந்த நெருக்கடியிலதான் சுங்கப் பணச் சண்டை வெடிச்சுது. 1919-20ல தெற்கு அரசாங்கத்துக்கு மிச்சப் பணத்துல 13.7 சதவீதம் குடுத்துக்கிட்டு இருந்தாங்க, அப்புறம் நிறுத்திட்டாங்க. சன் கேட்டது நியாயம்: குவாங்சோ துறைமுகத்துல எங்க ஜனங்ககிட்ட வாங்குற வரி பீஜிங் போகுது, அதை வெச்சுத் துப்பாக்கி வாங்கி எங்களையே சுடுறாங்க, எங்க பங்கைக் குடுங்க. குடுக்கலன்னா சுங்க ஆபீஸை நானே எடுத்துக்குவேன்னு சொன்னாரு. 1923 டிசம்பர்ல பிரிட்டன், அமெரிக்கா, பிரான்ஸ், ஜப்பான், இத்தாலி, போர்ச்சுகல்னு ஆறு நாட்டுப் போர்க்கப்பல்களும் முத்து ஆத்துல வந்து நின்னுச்சு, அதுல அதிகம் அமெரிக்காவோடது. சன் பின்வாங்க வேண்டியதாச்சு. ஆனா ஊருல கூட்டம் கூடுச்சு, ஊர்வலம் போச்சு, வெளிநாட்டு எதிர்ப்புன்னா என்னன்னு தெரியாத கடைக்காரப் பையன்கூட ஆத்தங்கரையில நின்ன கப்பல்களை எண்ணிப் பார்த்தான். அப்போ வந்து ரெண்டு மாசம் ஆன ரஷ்ய ஆலோசகர் மிகைல் போரோடினுக்கு ஆயிரம் மேடையில பேசினாலும் கிடைக்காத ஆதரவு இந்தக் கப்பல்களால கிடைச்சுது.

போரோடின் அக்டோபர் 6 வந்தாரு. 1924 ஜனவரியில சன்னோட கட்சியான கோமிண்டாங்கோட முதல் மாநாடு, கட்சியை ரஷ்யாவை ஆண்ட போல்ஷெவிக் கட்சியோட கட்டமைப்புல மாத்தி அமைச்சாங்க, கம்யூனிஸ்ட்டுங்களும் தனி ஆளா உள்ள சேரலாம்னு ஆச்சு. ஜூன் 16 குவாங்சோ பக்கத்துல இருக்குற வாம்போவா தீவுல ராணுவப் பள்ளி திறப்பு விழா, சென்னோட கலகம் நடந்து சரியா ரெண்டு வருஷம் முடிஞ்ச நாள், சன் தன் பேச்சுல அதைத்தான் தொட்டாரு. பதிமூணு வருஷமா புரட்சி பண்றோம், புரட்சிக்காரங்க உண்டு, புரட்சிப் படை இல்ல, அதான் தோத்தோம்னு. சியாங் கை ஷேக் தலைமை, லியாவ் ஷொங்காய் கட்சிப் பிரதிநிதி, கொஞ்ச மாசத்துல அரசியல் பிரிவுக்கு ஷோ என்லாய் வந்தாரு. அக்டோபர்ல வோரோவ்ஸ்கிங்குற ரஷ்யக் கப்பல் 8,000 துப்பாக்கியோட வந்து எறங்குச்சு. அதுவரைக்கும் பசங்களுக்கு பயிற்சிக்குக் கூட ஆயுதம் பத்தல.

அதே சமயம் ஊருக்குள்ள வணிகர்களும் ஆயுதம் வாங்கிக்கிட்டு இருந்தாங்க. வணிகர் படைன்னு 1912ல இருந்தே கடைத்தெரு காவலுக்கு ஒண்ணு உண்டு, விருந்தாளிப் படை அட்டூழியத்துக்கு அப்புறம் அது ஆயிரக்கணக்குல வளந்துச்சு. தலைவரு சென் லியான்போ, ஹாங்காங் ஷாங்காய் பேங்கோட குவாங்சோ கிளைக்கு காம்ப்ரடோர். நம்ம மெட்ராஸ், பாண்டிச்சேரியில வெள்ளைக்காரக் கம்பெனிக்கு துபாஷி இருந்தாங்களே அந்த மாதிரி வேலை, மொழியும் தெரியும், ரெண்டு பக்கமும் ஜாமீன் நிப்பாங்க, பெரும் பணக்காரங்க. 1924 ஆகஸ்ட் 10 ஹாவ்ங்குற நார்வே கப்பல்ல வந்த ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகளை சியாங் பறிமுதல் பண்ணி வாம்போவாவுல வெச்சுட்டாரு. கடைக்காரங்க கடையை அடைச்சாங்க. சன் படையை வெச்சு மெரட்ட, ஆகஸ்ட் 29 பிரிட்டிஷ் கான்சல் ஜெனரல் பெர்ட்ரம் ஜைல்ஸ் எழுதின கடுதாசியில, நகரத்து மேல சுட்டா எங்க கடற்படை கையில இருக்குற எல்லா பலத்தையும் பயன்படுத்தும்னு இருந்துச்சு. அப்போ லண்டன்ல இருந்தது தொழிற்கட்சி ஆட்சி, ராம்சே மெக்டொனால்ட் பிரதமர். நம்மளைப் புரிஞ்சுக்குவாங்கன்னு சன் அவருக்குத் தந்தி குடுத்து மன்றாடினாரு, பலனில்ல. பிரிட்டன் மேல அவருக்கு மிச்சம் இருந்த கொஞ்சநஞ்ச ஆசையும் அன்னிக்கோட போச்சுன்னு நான் நெனைக்கிறேன்.

அக்டோபர் 10 ஊர்வலத்து மேல வணிகர் படை சுட்டதுல ஆள் செத்தாங்க, 15ந்தேதி சன்னோட படைங்க மேற்குப் பேட்டை ஷிகுவான்ல இறங்கி ஒரே நாள்ல முடிச்சாங்க. நூத்துக்கணக்கான கடையும் வீடும் தீயில போச்சு. சென் லியான்போ ஹாங்காங்குக்கு ஓடிட்டாரு. இதைப் "பிரிட்டிஷ் சதி"ன்னு ஒரு பக்கம் எழுதும், "சன்னோட கொடூரம்"னு இன்னொரு பக்கம் எழுதும். ரெண்டு வருஷம் யுனான் சிப்பாய்க்குப் பாதுகாப்புப் பணம் கட்டின ஒரு துணிக்கடைக்காரன் எடத்துல நின்னு பார்த்தா, அவன் ஏன் துப்பாக்கி கேட்டான்னு எனக்குப் புரியுது. அவனோட தலைவர் அந்தத் துப்பாக்கியை எதுக்கு வெச்சிருந்தாருங்குறது வேற விஷயம்.

நவம்பர் 13 சன் சமாதானப் பேச்சுக்கு பீஜிங் கிளம்பினாரு, அதே யோங்ஃபெங் கப்பல்ல, வழியில வாம்போவாவுல எறங்கி பசங்களோட பயிற்சியைப் பார்த்தாரு. திரும்பி வரவே இல்ல. 1925 மார்ச் 12 பீஜிங்ல புற்றுநோயால காலமானாரு. மறுநாள் 13ந்தேதி மியான்ஹுங்குற ஊர்ல, சென் ஜியோங்மிங்கை அடக்க கிழக்கே போயிருந்த வாம்போவா பசங்க ஒரு ஆயிரம் பேரு, தங்களை விடப் பல மடங்கு பெருசான அவரு தரப்புப் படையை ஒரு நாள் பூரா தடுத்து நிறுத்தினாங்க, தலைவர் செத்த சேதியே அப்போ அவங்களுக்குத் தெரியாது.

இந்தப் படை மத்ததுங்களை விட ஏன் வேற மாதிரி இருந்துச்சுன்னா, சம்பளம் நேரத்துக்கு வந்துச்சு, அது தளபதியோட பையில இருந்து வரல, கட்சிக் கணக்குல இருந்து வந்துச்சு. ஊருக்குள்ள போனா வீட்டுக்குள்ள நுழையக்கூடாது, ஆளைப் புடிச்சு சுமை தூக்க வைக்கக்கூடாது, வாங்கினதுக்குக் காசு குடுக்கணும். உத்தரவில்லாம பின்வாங்கினா தலைவனுக்கு மரண தண்டனை, தலைவனை விட்டுட்டு ஓடினா சிப்பாய்க்குத் தண்டனை, அப்படியும் ஒரு கடுமையான சட்டம் இருந்துச்சு. ரஷ்ய ஜெனரல் ப்ளூக்கர், இங்க கேலன்ங்குற பேர்ல, போர்த் திட்டம் போட்டுக் குடுத்தாரு. போற இடத்துல விவசாயிங்க வழிகாட்டினாங்க, வேவு பாத்து சொன்னாங்க, இதெல்லாம் அதுவரைக்கும் எந்தப் படைக்கும் கெடைக்காத விஷயம்.

ஜூன்ல திரும்பி வந்து யாங் ஷிமினையும் லியு ஷென்ஹுவானையும் ஒரு வாரத்துல நொறுக்கினாங்க, ரயில் தொழிலாளிங்க யுனான் படைக்கு வண்டி ஓட்ட மாட்டோம்னு நிறுத்தினது பெரிய உதவி. ஊரை உறிஞ்சின விருந்தாளிங்க அதோட காலி.

அந்த ஜூன் 23ந்தேதி நடந்ததைச் சொல்லாம விட முடியாது. ஷாங்காய்ல மே 30 பிரிட்டிஷ் போலீஸ் சுட்டதைக் கண்டிச்சு குவாங்சோவுல ஊர்வலம். ஷமீன்ங்குறது பிரிட்டிஷ், பிரெஞ்சு ஆளுங்களோட குட்டித் தீவு, எதுத்தாப்புல வாய்க்கால், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஷாஜி ரோடு. தொழிலாளி, மாணவன், வாம்போவா பசங்க எல்லாம் அந்த ரோட்டுல போகும்போது துப்பாக்கிச் சூடு, முதல்ல யார் சுட்டாங்கன்னு இன்னைக்கும் சண்டை, ஆனா செத்தது 52 சீனர்கள், தீவுப் பக்கம் ஒரு பிரெஞ்சுக்காரர். ஹாங்காங்ல ஏற்கனவே ஆரம்பிச்ச வேலைநிறுத்தம் இதோட தீயா பரவி ரெண்டரை லட்சம் தொழிலாளிங்க வரைக்கும் போச்சு, பதினாறு மாசம் நீடிச்சுது. வேலைநிறுத்தக் குழு போட்ட உத்தரவு ரொம்ப புத்திசாலித்தனமானது: பிரிட்டிஷ் சரக்கு இல்லாத, பிரிட்டிஷ் கப்பல் இல்லாத, ஹாங்காங்கைத் தொடாம வர்ற எந்தக் கப்பலும் குவாங்சோவுக்கு வரலாம். 1923ல ஒண்ணா கப்பல் அனுப்பின அமெரிக்காவும் ஜப்பானும் இப்போ தனியா வியாபாரம் பண்ண வந்துட்டாங்க, பிரிட்டன் மட்டும் தனிச்சு நின்னுச்சு. ஹாங்காங்கைத் தூக்கி நிறுத்த லண்டன் 30 லட்சம் பவுன் கடன் குடுக்க வேண்டியதாப் போச்சு.

ஜூலை 1 குவாங்சோவுல தேசிய அரசாங்கம் அறிவிச்சாங்க. ஆகஸ்ட் 20 லியாவ் ஷொங்காயை கட்சி ஆபீஸ் வாசல்லயே சுட்டுக் கொன்னாங்க, எனக்கு இந்த மொத்தக் கதையில ரொம்ப வலிக்கிற சாவு அது, காசு தேடி அலைஞ்சு அந்தப் பள்ளியை உயிரோட வெச்சிருந்தது அவருதான். அந்தக் கொலையைச் சாக்கா வெச்சு கட்சியோட மூத்த தலைவர் ஹூ ஹான்மின் ரஷ்யாவுக்கு அனுப்பப்பட்டாரு, குவாங்டாங் படைத் தளபதி ஷு சொங்ஜி ஓரங்கட்டப்பட்டாரு, கடைசியா மிஞ்சினது சியாங். அமெரிக்காவுல படிச்ச டி.வி. சூங், சோங் சிங்லிங்கோட தம்பி, நிதியைக் கையில எடுத்தாரு, தளபதிங்க தனித்தனியா வசூல் பண்றதை நிறுத்தி எல்லாம் ஒரே கஜானாவுக்கு வர வெச்சாரு, வருமானம் பல மடங்கு ஏறுச்சு. ஜனங்க கட்டின வரி எப்பவும் இருந்துக்கிட்டேதான் இருந்துச்சு, நடுவுல நின்னு அள்ளினவங்க போயிட்டாங்க, அவ்வளவுதான். அக்டோபர்ல ஹுய்சோ கோட்டை விழுந்துச்சு, சென் ஜியோங்மிங் ஹாங்காங் போய்ச் சேர்ந்தாரு, 1933ல அங்கேயே வறுமையில செத்தாரு.

அந்தக் கப்பலைப் பத்தி கேட்டீங்கன்னா, சன் இறந்ததும் யோங்ஃபெங்குக்கு அவரோட பேரையே வெச்சு ஜொங்ஷான்னு மாத்தினாங்க. 1926 மார்ச் 20 அதிகாலை, அந்தக் கப்பல் சந்தேகப்படும்படி நகருதுன்னு காரணம் சொல்லி சியாங் ராணுவச் சட்டம் போட்டாரு, கப்பலோட கம்யூனிஸ்ட் கேப்டனைக் கைது பண்ணினாரு, ரஷ்ய ஆலோசகர்கள் தங்கியிருந்த வீட்டையே தன் படையை விட்டு வளைச்சுட்டாரு, அந்தப் படை தோள்ல தொங்கினது ரஷ்யா அனுப்பின துப்பாக்கி.